படிப்படியார் அளந்த சுவர்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில், வாசலில் இருக்கும் டீக்கடையில், அவர் அளக்கப் போகும் குடியிருப்புகளில், எல்லா இடத்திலும் அவர் படிப்படியார்தான். எங்கள் ஆட்கள் ஒருவரைக் கேலி செய்தாலும் மரியாதை குறையாமல்தான் செய்வார்கள்.

அவருடைய உத்தியோகம் விரிசல் அளப்பது. சிரிக்க வேண்டாம், அப்படி ஓர் உத்தியோகம் இருக்கிறது. வீட்டு வாரியம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஊரில் பதினாறு பிளாக். ஒவ்வொன்றிலும் கட்டிய கையோடு விரிசலும் வந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாரியம் தாமதமே செய்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவர் போய் அந்த விரிசல்களை அளந்து வந்து, கையால் எழுதித் தருவார். நான் அதைத் தட்டச்சு செய்து, அவரிடம் கையெழுத்து வாங்கி மேலே அனுப்புவேன். பதினோரு வருடம் செய்தேன். அதில் கடைசி ஆறு வருடம் நான் தட்டச்சு செய்த விரிசல்களில் ஒன்று என் வீட்டுச் சுவரிலேயே இருந்தது.

ஏழாம் பிளாக், இரண்டாம் மாடி, படுக்கையறையில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மகளின் கட்டில் கிடந்தது. வேறு இடத்தில் போடலாமே என்று கேட்பவர்கள் வாரியம் கட்டிய படுக்கையறையை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கட்டில் போட்ட பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும்.

அறிக்கைப் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'விரிசலின் வளர்ச்சி'. அதன் கீழே மூன்று சொற்கள் அச்சடித்திருக்கும்: இல்லை, படிப்படியாக, விரைவாக. பொருந்தாத இரண்டை அடித்துவிட வேண்டும். 'இல்லை' என்று எழுதினால், இல்லாததை எதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அளக்கிறாய் என்று தணிக்கையில் கேட்பார்கள். 'விரைவாக' என்று எழுதினால், ஏழு நாளைக்குள் அந்த பிளாக்கில் இருக்கும் அத்தனை குடும்பத்தையும் வெளியேற்றி, மாற்று இடம் கொடுத்து, இடம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதிலும் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் சொல்லுக்கு ஒரு வேலையும் கிடையாது. எழுதிவிட்டு மூன்று மாதம் கழித்துப் போனால் போதும்.

அந்தச் சொல்லின் அர்த்தம் யாருக்குத்தான் தெரியாது? பள்ளிக்கூடத்தில் வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னபோது, 'செடி படிப்படியாக வளர்ந்து மரமானது' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். வேலைக்கு வந்த பிறகுதான் அதை எங்கே பயன்படுத்துவது என்று கற்றுக்கொண்டேன். லிஃப்ட் படிப்படியாகச் சரி செய்யப்படும். தண்ணீர் வரும் நேரம் படிப்படியாக அதிகரிக்கப்படும். தற்காலிக ஊழியர்கள் படிப்படியாக நிரந்தரமாக்கப்படுவார்கள். கவனித்துப் பார்த்தால் சொல்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கேட்கிறவர் நின்றுகொண்டிருப்பார். இடம் மாறினால் அந்தச் சொல் வேலை செய்யாது. சந்தேகமிருந்தால், வாடகையைப் படிப்படியாகத் தருகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் படிப்படியார் நாற்காலிக்காரர் இல்லை. ஒல்லியான மனிதர், ஐம்பத்தேழு வயது. தோளில் ஒரு துணிப்பை, அதில் குடிக்கத் தண்ணீர், எஃகு ஸ்கேல், பிறகு அவருடைய தகடுக் கொத்து. சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையத்தில் மெல்லியதும் தடித்ததுமாகப் பத்துப் பன்னிரண்டு எஃகுத் தகடுகள். விரிசலுக்குள் எந்தத் தகடு நுழைகிறதோ அதன் தடிமன்தான் விரிசலின் அகலம். வேலையில் சேர்ந்த நாளில் இருந்த பதவியிலேயே இருபத்தெட்டு வருடமாக இருந்தார். "எப்ப சார் புரமோஷன்?" என்று யாராவது வம்புக்குக் கேட்டால், "படிப்படியா வரும்" என்பார். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றால் படிப்படியாகக் குறைகிறது. மகனுக்கு வேலை கிடைத்ததா என்றால் படிப்படியாகக் கிடைக்கும். மனிதர் முகத்தில் கேலியும் இருக்காது, வருத்தமும் இருக்காது. நமக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

அவரும் ஒரு காலத்தில் மற்ற சொல்லை எழுதிப் பார்த்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், மூன்றாம் பிளாக்கைப் பார்த்துவிட்டு 'விரைவாக' என்று எழுதினார். இளரத்தம். நாற்பது குடும்பங்களை ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளுக்கு அனுப்பினார்கள். கட்டடம் விழும் விழும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விழவில்லை. ஒரு மாதம், ஒரு வருடம், நான்கு வருடம் ஆயிற்று, அது பாட்டுக்கு நின்றது. இவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது, சம்பள உயர்வு நின்றது. கொட்டகைக்குப் போன குடும்பங்கள் திரும்பி வரவே இல்லை, ஏனென்றால் காலியான கட்டடத்தில் வாரியம் தன்னுடைய பழைய கோப்புகளைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டது. மனிதர்களுக்கு ஆபத்தான கட்டடம் கோப்புகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைத் தொடவில்லை. சூடு கண்ட பூனை.

இனி எங்கள் பங்கைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரை மட்டும் கேலி செய்தால் நாக்கு அழுகிவிடும்.

அளக்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால் குடியிருப்பவர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்வது நான். அதாவது என் வீட்டுக்கு நானே கடிதம் அனுப்பிக்கொள்வேன். முதல் தடவை அது வந்ததும் என் கணவர் படுக்கையறைச் சுவரைப் பார்த்தார். "ஆபீசர் வர்றாரு, சுவர் இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் பெயிண்ட் கடையில் விற்பனையாளர். நசுங்கிய டப்பாக்களில் இருக்கும் பட்டியை, அதாவது சுவருக்குப் பூசும் வெள்ளை மாவை, கடையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஒரு டப்பா கொண்டுவந்து, விரிசலை அடைத்து, தேய்த்து, மேலே ஒரு கை வண்ணமும் அடித்தார். சுவர் கல்யாணப் பெண் மாதிரி ஆயிற்று. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்குவதில்லையா, அந்த நினைப்புதான். அதில் எந்தச் சூதும் இல்லை. நானும் பக்கத்தில் நின்று, "இந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சொன்னேன்.

படிப்படியார் வந்தார், பார்த்தார். காய்ந்த பூச்சில் தலைமுடி மாதிரி ஒரு கோடு மறுபடி விழுந்திருந்தது. மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்துவிட்டு 'ஒரு மி.மீ., படிப்படியாக' என்று குறித்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போனார். மறுநாள் நான் அதைத் தட்டச்சு செய்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் பட்டி, மறுபடியும் ஒரு மில்லிமீட்டர். எங்கள் சுவர் பளபளவென்று இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டாள். பிறகு மேல் மாடி. பிறகு கீழ் மாடி. வருடம் இரண்டு போவதற்குள் ஏழாம் பிளாக்கின் முப்பத்திரண்டு வீடுகளும் அளவெடுக்கும் நாளில் மணக்க மணக்க நின்றன. என் கணவருக்குப் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் வணக்கம் கிடைத்தது.

ஒவ்வொரு அறிக்கையும் அதற்கு முந்திய அறிக்கையோடு மட்டும்தான் ஒப்பிடப்படும். முந்தியதும் ஒரு மில்லிமீட்டர், இப்போதும் ஒரு மில்லிமீட்டர். இதைவிட ஒழுக்கமான விரிசல் உலகத்தில் உண்டா?

இந்த ஆட்டம் கலைந்தது ஒரு கணினியால். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, பழைய அறிக்கைகளையெல்லாம் கணினியில் பட்டியலாக ஏற்ற வேண்டும் என்று. நான் ஏழாம் பிளாக், இரண்டாம் மாடி, பொதுச்சுவர் என்று தலைப்புப் போட்டு, ஆறு வருடத்து இருபத்து நான்கு அளவுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்தேன். ஒன்று, ஒன்று, அரை, ஒன்று, ஒன்றரை. சொன்ன வேலையைச் செய்யாத அந்த இயந்திரம், சொல்லாமலேயே அடியில் கூட்டுத்தொகை போட்டுக் காட்டியது. இருபத்திரண்டரை மில்லிமீட்டர்.

நான் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டரை மில்லிமீட்டர் என்றால் என் இரண்டு விரல் சேர்த்து நுழையும். அந்த இரண்டு விரல் சந்துக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஆறு வருடமாகத் தூங்குகிறது. முகம் கழுவிவிட்டு வந்து, படிப்படியார் மேசைக்குப் போனேன்.

"சார், எங்க சுவர் இருபத்திரண்டரை."

"என்னம்மா இருபத்திரண்டரை?"

"மில்லிமீட்டர். எல்லாத்தையும் கூட்டினா."

"யாரு கூட்டச் சொன்னா?"

"அதுவா கூட்டிடுச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் கூட்டக் கூடாதும்மா. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம்னுதான் பாக்கணும். விதி அப்படித்தான் இருக்கு."

"போன தடவை இருந்ததை நாங்க பட்டி வெச்சு அடைச்சிட்டோம் சார். அதுக்கு முந்தின தடவையும். நீங்க வர்ற ஒவ்வொரு தடவையும்."

சொல்லிவிட்டு, அவர் துள்ளிக் குதிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"இருபத்தெட்டு வருஷமா சுவருக்குப் பக்கத்துல மூக்கை வெச்சுக்கிட்டு நிக்கறேன். புதுப் பட்டி வாசனை தெரியாதா? பதினாறு பிளாக்லயும் பூசறாங்க. உங்க வீட்டுல கொஞ்சம் சுத்தமா பூசறாங்க, அவ்வளவுதான்."

"தெரிஞ்சுக்கிட்டேவா சார் எழுதினீங்க?"

"நீங்களும் தெரிஞ்சுக்கிட்டேதானேம்மா டைப் அடிச்சீங்க" என்றார். குத்திக்காட்டும் குரலில் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். மணி என்ன என்று சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு, "எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்" என்றார்.

"எங்க சுவருக்கு எத்தனை மாசம் சார்?"

அவர் அடுத்த பிளாக்கின் படிவத்தை எடுத்துப் பிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் மட்டும் வந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அறிவிப்பு இல்லாமல் வந்திருந்தார். பாதி முகத்தில் சோப்போடு கதவைத் திறந்த என் கணவர், "நோட்டீஸ் வரலையே சார்" என்றார், சமைக்காத நேரத்தில் சம்பந்தி வந்துவிட்டது போல.

"அது பரவாயில்லை. நீங்க பட்டி வைக்கற தகடு இருக்கா, கொஞ்சம் குடுங்க" என்றார் படிப்படியார்.

அவர் கட்டில் மேல் மண்டியிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். பூச்சு பொருக்குப் பொருக்காக வந்தது. ஒரு வெள்ளைக்கு அடியில் இன்னொரு வெள்ளை, அதற்கு அடியில் கொஞ்சம் மஞ்சளான வெள்ளை. என் கணவரின் ஆறு வருடக் கைவண்ணம் என் மகளின் தலையணையில் உதிர்ந்தது. சுரண்டி முடித்ததும் மெல்லிய தகட்டை விட்டார், அது உள்ளே போயிற்று. தடித்த தகட்டை விட்டார், அதுவும் போயிற்று. கடைசியில் கொத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். கை நழுவி, கொத்து முழுவதும் சுவருக்குள் போய், அக்கா வீட்டுப் பட்டியையும் பெயர்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் டங்கென்று எதன் மேலோ விழுந்தது.

"யாருப்பா அது, எங்க வீட்டுக்குள்ள சாவியைத் தூக்கிப் போடறது?" என்று பக்கத்து வீட்டு அக்காவின் குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது. பிறகு அந்த இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "அட, சாரா? டீ போடட்டுமா சார்?"

என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்துகொண்டு நான் சிரித்ததே இல்லை.

படிப்படியார் சிரிக்கவில்லை. கட்டிலைத் தடவிப் பார்த்து, "இங்க யாரும்மா படுக்கறா?" என்று கேட்டார்.

"பொண்ணு சார்."

"தலை எந்தப் பக்கம்?"

காட்டினேன். அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என் கணவர் முகத்துச் சோப்பைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

"சார், கையெடுத்துக் கும்பிடறேன், எழுதிடாதீங்க. நான் உள்ளே சிமென்ட் போட்டு நல்லா அடைச்சிடறேன். மாத்து இடம்னு எங்க கொண்டுபோய்த் தள்ளுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். மூணாம் பிளாக் ஆளுங்களை நான்தான் தள்ளினேன்" என்றார் படிப்படியார். தலையணையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டுக்குப் போய்த் தகடுக் கொத்தை வாங்கிக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை என் மேசையில் படிவம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் 'இல்லை'யும் 'படிப்படியாக'வும் அடிக்கப்பட்டிருந்தன. அவர் கை அந்தச் சொல்லை அடிப்பதற்குப் பழகாத கை. கோடு இரண்டு தடவை போட்டிருந்தார். நான் தட்டச்சு செய்து மேலே அனுப்பினேன். அன்று மாலையே அது திரும்பி வந்தது. பெரிய அதிகாரி ஓரத்தில் எழுதியிருந்தார்: இருபத்து நான்கு தடவை படிப்படியாக வளர்ந்தது இருபத்தைந்தாவது தடவை எப்படி விரைவாக வளர்ந்தது? விளக்கம் தருக.

நியாயமான கேள்விதான். அவருக்கும் கேள்வி கேட்கத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதைச் சொன்னால் சொல்கிறவர் கழுத்துக்குக் கயிறு. படிப்படியார் ஒரு தாளை எடுத்து, டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தார். 'ஆறு ஆண்டுகளாக நான் அளந்தது சுவரை அல்ல, அதன் மேல் இருந்த பூச்சை. பூச்சு புதியது என்று தெரிந்தே அளந்தேன். சுவரின் உண்மையான பிளவு இருபத்து மூன்று மில்லிமீட்டர். முப்பத்திரண்டு குடும்பங்கள் உடனே வெளியேற வேண்டும்.' அவ்வளவுதான்.

யார் பூசியது என்று அதில் இல்லை. நான் கவனித்தேன். ஆய்வுக்கு உரிய சுவரை மறைத்துப் பூசுகிற குடும்பத்துக்கு மாற்று இடம் கிடையாது, பூசியவர் வாரிய ஊழியர் வீட்டார் என்றால் அந்த ஊழியருக்கு வேலையும் கிடையாது. இந்த விதியும் எனக்குத் தெரியும், அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அதனால் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒற்றுப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

அந்தத் தாளுக்குக் கால் முளைத்துவிட்டது. வாரியத்தில் ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக மூன்று மாதம் ஆகும். இது ஒன்றரை நாளில் ஏழு மேசை தாண்டியது. ஏனென்றால் கட்டடம் விழும்போது அந்தத் தாள் யார் மேசையில் இருக்கிறதோ அவர்தான் பலி. சூடான உருளைக்கிழங்கை மாற்றி மாற்றித் தள்ளுவது போலத் தள்ளி, ஐந்தாம் நாள் லாரியே வந்துவிட்டது.

ஏழாம் பிளாக் காலியானது. மழைத் தூறலில் பீரோக்களும் மெத்தைகளும் லாரியில் ஏறின. படிப்படியார் குடையோடு வந்து வாசலில் நின்றார். வந்திருக்க வேண்டாம். டீ போடட்டுமா என்று கேட்ட அதே அக்கா, "நல்லா இருந்த வீட்டைக் கெடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் குடையை அவள் மெத்தைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் லாரிக்கு மறுபக்கமாகச் சுற்றிப் போய் ஏறிக்கொண்டேன்.

இப்போது நாங்கள் இருக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தகரக் கூரை, முப்பத்திரண்டு அறை, ஒரே வரிசை. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நிரந்தர வீடுகள் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். சுவர் தகரம் என்பதால் விரிசல் மட்டும் இல்லை. மகள் நிம்மதியாகத் தூங்குகிறாள். அது உண்மை, அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. என் கணவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் ஏழாம் பிளாக்கைப் பார்த்துவிட்டு வருவார். "நின்னுக்கிட்டுதான் இருக்கு" என்று வந்து சொல்வார். அதற்கு மேல் என்னிடம் பேசமாட்டார்.

ஆமாம், அது விழவில்லை. நான்கு மாதம் ஆயிற்று. வாரியம் புதிதாக ஓர் இளம் பொறியாளரை அனுப்பி அளக்கச் சொன்னது. வளர்ச்சி 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். எப்படி வளரும்? முப்பத்திரண்டு வீட்டு ஜனங்களும் பீரோக்களும் தண்ணீர்த் தொட்டிகளும் இறங்கிய பிறகு சுவர் அப்பாடா என்று மூச்சு விட்டிருக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வளர்ச்சி இல்லாத விரிசலுக்காக ஒரு பிளாக்கையே காலி செய்ய வைத்தவர், அதற்கு முன் ஆறு வருடம் பொய் அளவு கொடுத்ததாகத் தானே எழுதிக் கொடுத்தவர், இப்படிப்பட்டவரை என்ன செய்வது என்று விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் முழுக்க வெட்டு. பணி ஓய்வுக்கு அவருக்கு இருந்தது நான்கு மாதம்.

நான் ஒன்று சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நாட்களில், ஆறு வருடம் குடியிருந்த அந்தக் கட்டடம் விழுந்து தொலைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். விழுந்தால் அவர் தப்பிப்பார். அவருக்காக நான் செய்யத் துணிந்தது அவ்வளவுதான்.

விசாரணையில் குறிப்பெடுக்க வேண்டிய சுருக்கெழுத்தர் விடுப்பில் போனதால் என்னை உட்கார வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. வந்ததும் படிப்படியாரை உட்காரச் சொன்னார். கோப்பை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அரை மணி நேரம் தேதிகளையும் அளவுகளையும் கேட்டார். படிப்படியார் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றார். நான் ஒவ்வொரு ஆமாமையும் தட்டச்சு செய்தேன்.

பிறகு அதிகாரி கோப்பை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பாருங்க, உங்க சர்வீஸ்ல வேற ஒரு தப்பும் இல்லை. அந்தச் சுவத்தைப் பூசி மறைச்சது குடியிருந்தவங்கதான்னு நீங்க சொல்லிட்டா, உங்களை ஏமாத்திட்டாங்கன்னு எழுதி நான் முடிச்சிடுவேன். பென்ஷனைத் தொடவே மாட்டாங்க. ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க. யாரு பூசினது?"

விசைப்பலகை மேல் என் பத்து விரலும் இருந்தன. பெயர் வந்தால் அடிப்பதற்கு. எழுந்து நின்று, "நாங்கதான் சார்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நிறைய நேரம் இருந்தது. படிப்படியார் தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியாதுங்க" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தெரியாதுங்க. நான் போகும்போதெல்லாம் காஞ்சிருக்கும்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். என்னைப் பார்த்து, "எழுதிக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன் சார்" என்றேன்.